சடை தாங்கும் கனம்

பிறர் தலையைத் தொட்டுச் செய்யும் தொழில்கள் பல உண்டு. தலைக்கு உரியவர் உறங்கிப்போவதையே பாராட்டாக எடுத்துக்கொள்ளும் தொழில் எங்களுடையது. சீப்பில் சுருண்டு வந்த முடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டவரா நீங்கள்? குளியலறை வடிகாலில் அடைத்துக்கொண்ட கற்றையை, வீட்டார் பார்க்குமுன் அள்ளிக் காகிதத்தில் பொதிந்தவரா? அப்படியானால் வாருங்கள், நாம் ஒரே வகுப்பினர். உதிர்வதைத் தடுக்க இயலாமல் பார்த்துக்கொண்டிருப்போர் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றேன். விருத்தாசலம் ரயில் சந்திப்பு நிலையத்துக்குப் போகும் சாலையில் இருக்கும் என் வீட்டின் முன்னறையை, அழகு நிலையம் வைப்பதற்காக மும்தாஜுக்கு வாடகைக்குக் கொடுத்தேன். வாடகைக்கு விட்ட அறைக்குள் எட்டிப் பார்ப்பது முறையன்று என்பதை அறிந்தும் எட்டிப் பார்த்தேன். பிறகு உள்ளே சென்று அமர்ந்தேன். இப்போது அங்கேயே வேலை செய்கிறேன்.

பலகையில் இல்லாத வேலை

மும்தாஜின் கணவர் துபாயில் இருக்கிறார். மும்தாஜும் சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர். அடுத்த வீட்டில் குடியிருந்த எத்தியோப்பியப் பெண்ணுக்குத் தலை நிறையச் சடைமுடி. இளையோர் ‘லாக்ஸ்’ என்று சொல்கிறார்களே, அதுதான்: சீவிப் பிரிக்காமல் விட்டதால் தன்னோடு தானே பின்னி இறுகிக் கயிறு கயிறாகத் தொங்கும் முடி. அதைக் கழுவவும் உலர்த்தவும் வேர் நோகாமல் பேணவும் மும்தாஜ் அவரிடம் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பிக் கடை திறந்தபோது, புருவம் திருத்தல், முகப்பூச்சு, மணப்பெண் அலங்காரம் எல்லாம் பலகையில் இடம்பெற்றன. சடை பேணுதல் இடம்பெறவில்லை. விருத்தாசலத்தில் யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாராம்.

ஒருத்தி கேட்டாள். பெயர் திவ்யா, புதுச்சேரிப் பெண், இங்கே ஒரு பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்கு வடிவம் வரைந்து வண்ணம் தீட்டும் வேலைக்கு வந்து தங்கியிருப்பவள். தோள்வரை தொங்கும் மெல்லிய சடைகளோடு வாசலில் நின்று, “இதுக்கு இங்க பாப்பீங்களா?” என்றாள். மும்தாஜ் அவளை உட்காரவைத்துச் சடைகளை வேரருகே ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். நான் வழக்கம்போல் நாற்காலியில் அமர்ந்து வேடிக்கை பார்த்தேன். வகிடு ஓரிடத்தில் கோணியதை என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை, சொல்லிவிட்டேன். மும்தாஜ் திரும்பிப் பார்த்தார். “நோட்டு திருத்துன கண்ணு வூட்ல சும்மாதான கெடக்குது டீச்சர்? எழுந்து வாங்க, வந்து புடிங்க” என்றார்.

வலித்தால்தான் நேர்த்தி

திவ்யாவின் நெற்றிப்பொட்டுகள் இரண்டிலும் முடி அடர்த்தி குறைந்து, தோல் மெருகேற்றிய பீங்கான்போல் மின்னியது. காரணம் கேட்டோம். வாரந்தோறும் கைப்பேசியில் காணொளி பார்த்து, வேரில் புதிதாக வளரும் முடியைக் கொக்கி ஊசியால் இழுத்து இறுக்கிவிடுவாளாம். ஒரு மயிரிழையும் தனித்து நிற்கக் கூடாதாம். இறுக்கிய அன்று இரவு தலையணையில் தலை வைக்க முடியாதாம். “அப்படி வலித்தால் என்ன பொருள்?” என்று கேட்டேன். “நல்லா வந்திருக்குன்னு அர்த்தம்” என்றாள்.

அன்பர்களே, இது அவள் ஒருத்தியின் நம்பிக்கையன்று. நம்மில் பலரும் அதில்தான் வளர்ந்தோம். வேர் வலித்தால், ‘என்னைப் பிடுங்குகிறாய்’ என்று முடி முறையிடுகிறது என்பதே பொருள். மாதம் ஒரு முறைக்கு மேல் வேரை முறுக்க வேண்டாம் என்றும், இடையில் சிறிது கலைந்தே இருக்கட்டும் என்றும் மும்தாஜ் சொன்னார். ஏற்கெனவே நூலாய் மெலிந்த சடைகளை மேலும் முறுக்காமல், பக்கத்துச் சடையோடு மெல்ல இணைத்துவிட்டார். கலைந்த தலையோடு கம்பெனிக்குப் போவதெப்படி என்று திவ்யாவுக்குத் தயக்கம். அந்நேரம் பார்த்து அவள் தாயார் காணொளி அழைப்பில் வந்து, மகளின் தலையைக் கண்டு, கோயில் வாசலில் துண்டு விரிக்கப் போகிறாயா என்று கேட்டுவிட்டுத் துண்டித்தார். திவ்யா கண்ணாடியில் தன்னையே சிறிது நேரம் பார்த்தாள். “சின்ன வயசுல இவங்கதான் மிஸ் ரெட்டை ஜடை போட்டுவுடுவாங்க, புருவம் ரெண்டும் மேல ஏறிக்கும். அப்ப ஆரம்பிச்சது” என்றாள்.

தூங்கும் தலைகள்

சடையைக் கழுவுவது எளிது, உலர்த்துவதுதான் தவம். வெளிப்புறம் காய்ந்ததுபோல் தோன்றும். அழுத்தினால் உள்ளிருந்து நீர் கசியும். அந்த ஈரத்தோடு முடிந்து கட்டினால் வாடை வரும், பூஞ்சை பிடிக்கும், வேர் நைந்துபோகும். ஆகவே பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு சடையாகப் பிழிந்து, மின்விசிறிக்கு எதிரே பரப்பி, பிற்பகல் முழுவதும் காயவிடுவோம். சீயக்காய் மணமும் விசிறியின் ஒரே சுருதியும் சேர்ந்தால் யார்தான் விழித்திருப்பார்? தலை சாய்ந்துவிடும். உறக்கத்தில் அவர்கள் முகங்கள், சூளைக்குப் போகுமுன் பலகையில் வரிசையாகக் காயும் பொம்மை முகங்களைப்போல் ஆகிவிடும்: வண்ணமும் இல்லை, கவலையும் இல்லை.

அந்த நேரத்தில் நான் வேர்களைப் பிரித்துக்கொண்டிருப்பேன். கவனியாது விட்டால் பக்கத்துப் பக்கத்துச் சடைகள் வேரில் ஒட்டி ஒன்றாகிவிடும். ஈரம் இருக்கும்போதே விரல்களால் நயமாக விலக்க வேண்டும். வகிடுகள் வரப்புகளாகத் தோன்றும். சந்திப்பு நிலையத்து ஒலிபெருக்கி ஏதோ ஓர் ஊரின் பெயரைச் சொல்லும். நான் அந்த வரப்பின்மீது நடக்கத் தொடங்குவேன். இரு புறமும் கரிய நாற்று, காலடியில் சேற்றின் குளிர்ச்சி, எதிரே வெள்ளாறு. யாரோ என்னை ஆற்றின் மறுகரையிலிருந்து கூப்பிடுவார்கள். கூர்ந்து கேட்டால் அது மும்தாஜின் குரலாக இருக்கும்: “டீச்சர், கஸ்டமர் தூங்கலாம். நீங்க தூங்கக் கூடாதுங்க.”

அஞ்சலை வந்த நாள்

திவ்யாவின் கம்பெனியில் அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் விளிம்புகளை ஈரப் பஞ்சால் துடைத்துச் சீராக்குபவர் அஞ்சலை. நடுத்தர வயது. திவ்யாதான் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். முடியை உச்சியில் கோபுரமாகச் சுற்றி, அதன்மேல் மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். துணியிலும் இமைகளிலும் வெள்ளைக் களிமண் தூசி. பாதி வடித்த பொம்மையொன்று எழுந்து நடந்துவந்ததுபோல் இருந்தது. துணியை அவிழ்த்தோம். கனத்த சடைகள் தொப்பெனத் தோளில் விழுந்தன. எண்ணெயும் மஞ்சளும் தூசியும் சேர்ந்து படிந்திருந்தன, உள்ளே ஈரம். நெற்றியோரத்தில் முடி வெகுவாகப் பின்வாங்கியிருந்தது. நெற்றிக்கு நேர் மேலே இருந்த முதல் சடை, சில இழைகளைப் பற்றிக்கொண்டு தொங்கியது.

அது தானாக விழுந்த சடை. ஒரு காய்ச்சலில் நெடுநாள் சீவாமல் கிடந்தபோது திரண்டதாம். கண்ட பெண்கள் ஆத்தா வந்திருக்கிறாள் என்று கும்பிட்டார்கள். அவர் தெருவின் முனையில் உள்ள அம்மன் கோயிலில் வெள்ளிதோறும் அருள் வந்து குறி சொல்லத் தொடங்கினார். ஆடித் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கும் உரிமையும் அவருக்கே வந்தது. அதற்குமுன் வீட்டில் அவர் நிலை வேறு. கணவர் கோதண்டம் சோறு குழைந்தால் தட்டை வீசுவார். சில நாள் கையும் வீசுவார். சடை விழுந்தபின் அவரே மனைவியைத் ‘தாயே’ என்கிறார். அஞ்சலை சாப்பிட்ட பிறகுதான் தட்டெடுக்கிறார்.

இவ்வளவையும் அஞ்சலை எங்களிடம் கண்ணாடி வழியாகவே சொன்னார்; எங்கள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. ஒரு விரலால் அந்த முதல் சடையைத் தாங்கிப் பிடித்தபடி, “இத எப்படியாச்சும் நிக்க வச்சிடுங்க டீச்சர். இது உதுந்துட்டா நான் மறுபடியும் வெறும் அஞ்சல” என்றார்.

வேண்டுதலின் எடை

கழுவத் தொடங்கியபோதுதான் கண்டோம். முன்புறச் சடைகள் ஒவ்வொன்றிலும் மஞ்சள் கயிறுகள். கயிறுகளில் விரலி மஞ்சள், சிறு பித்தளை மணி, துணியில் முடிந்த காசு, பீங்கானில் செய்த குட்டித் தொட்டில். மற்ற ஊர்களில் வேப்பமரக் கிளையில் கட்டும் வேண்டுதலை, இவர் தெருப் பெண்கள் இவருடைய சடையிலேயே கட்டுகிறார்கள். ஆத்தாவின் காதுக்குப் பக்கத்தில் கட்டினால் சீக்கிரம் கேட்கும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் நெற்றியோரச் சடைகளுக்கே கூட்டம். யாருக்கோ மகன் பிறக்க வேண்டும்; யாருக்கோ மருமகள் போய்த் தொலைய வேண்டும். அத்தனையும் இந்த ஒருத்தியின் வேரில் தொங்குகிறது. போதாதற்கு வெள்ளிதோறும் குடம் எண்ணெய். அதன்மேல் தூசி படியாமலிருக்க ஈரத் துணி. அதை உச்சியில் தூக்கிக் கட்டும் முடிச்சு. முடி இவ்வளவு நாள் நின்றதே ஆத்தாவின் அருள்தான்.

“கயிறுகளை அவிழ்த்துவிடலாமே?” என்றேன். அஞ்சலை தலையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். கட்டியவர் கையால்தான் அவிழ்க்க வேண்டுமாம், அதுவும் வேண்டுதல் நிறைவேறிய பிறகு. ஒருத்தி திருப்பூருக்குக் குடிபெயர்ந்துவிட்டாள். இன்னொருத்தி இறந்தே போனாள். “அவர்கள் வேண்டியதை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்?” என்று நான் கேட்டது பள்ளிக்கூடக் கேள்விதான். அதற்கு அவர், “செத்தவ கேட்டதயும் ஆத்தா கேட்டுக்கினுதான டீச்சர் இருப்பா? நான் அவுத்துட்டா ஆத்தாவுக்கு யாரு ஞாபகப்படுத்துவா?” என்றார்.

வாசலில் நின்றவர்

எங்களால் இயன்றதைச் செய்தோம். உச்சி முடிச்சுக்குப் பதிலாகக் கழுத்தின் பின்னே தளர்வாகக் கட்டும் துணி, உலர்ந்த துணி. எண்ணெயைத் தலையில் கவிழ்க்காமல் விரல் நுனியால் தோலில் மட்டும் தொட்டுத் தடவுதல். வேலை முடிந்ததும் தூசியைத் தட்டிவிட்டு, வாரம் ஒரு முறை நன்கு அலசி, முழுவதும் காய்ந்த பிறகே கட்டுதல். படுக்கும்போது சாக்கையோ முரட்டுப் பருத்தியையோ தலைக்கு வைக்காமல், வழுக்கும் பட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளுதல். முரட்டுத் துணி இரவு முழுவதும் இழை இழையாகப் பிடுங்கிக்கொண்டே இருக்கும். நெற்றியோரத்தில் வட்டமாக வழுக்கையோ புண்ணோ தென்பட்டால் எங்களிடம் வரவேண்டாம், தோல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்லியனுப்பினோம். எல்லாவற்றுக்கும் அஞ்சலை தலையாட்டினார். கயிறுகளை மட்டும் தொடவிடவில்லை.

ஒரு பிற்பகல், அஞ்சலையின் சடைகள் காய்ந்துகொண்டிருக்க அவர் உறங்கிப்போயிருந்தார். வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோதண்டம்தான், கம்பெனியில் லாரிக்குச் சுமை ஏற்றுபவர். தோளில் வைக்கோல் துணுக்குகள். பெண்கள் கடைக்குள் வரக் கூச்சம்போலும். நான் வெளியே போனேன். அவர் உறங்கும் மனைவியை நெடுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரலில் இருந்தது அச்சமா ஆசையா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. “அந்த மொத சடை உதுந்துடுங்களா டீச்சர்?” என்று கேட்டார்.

பட்டுத் தலையணை கேட்ட தெய்வம்

ஆடி பிறந்த வெள்ளிக்கிழமை மாலை, திவ்யா என்னைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றாள். சிறிய கோயில், பின்புறம் உடைந்த பீங்கான் குவியல், மாலை வெயிலில் ஆற்றுநீர்போல் மின்னியது. உடுக்கை ஒலிக்க ஒலிக்க அஞ்சலையின் தோள்கள் அசைந்தன. சாம்பிராணிப் புகையில் சடைகள் எழுந்து விரிந்தன. மணிகள் குலுங்கின. எனக்கு எல்லாம் நீருக்கடியில் நடப்பதுபோல் மெதுவாகத் தெரிந்தது. பெண்கள் கயிறுகளோடு நெருங்கினார்கள். அப்போது அஞ்சலையின் வாயிலிருந்து, அஞ்சலையின் குரலல்லாத குரல் வந்தது: “கட்டாத! என் தல கனக்குதுடி!”

கூட்டம் அப்படியே நின்றது. “இழுத்துக் கட்டிக் கட்டி என் வேர அறுத்துட்டீங்களேடி! கட்டுனத அவுத்து என் சூலத்துல கட்டுங்க. ஊருக்குப் போனவ, செத்துப் போனவ கட்டுனத சூலத்து முனையிலயே அறுத்து அங்கயே முடிங்க. எண்ணெய என் வெளக்குல ஊத்துங்க, தலையில ஊத்தாதீங்க. ஈரத்தோட என்ன முடிஞ்சி வைக்காதீங்க. பட்டுல படுக்க வைங்கடி என்ன!” நான் திவ்யாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். பூசாரி கற்பூரத் தட்டோடு வாய் பிளந்து நின்றார். பிறகு ஒவ்வொரு பெண்ணாக வந்து, தான் கட்டியதைத் தேடி அவிழ்த்து, சூலத்தில் கட்டினாள். சூலம் மஞ்சள் பூத்ததுபோல் ஆயிற்று. மறுவாரத்துக்குள் தெருப் பெண்கள் பழைய பட்டுப்புடவைகளைக் கிழித்து ஒரு தலையணையும் தைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். மும்தாஜிடம் நடந்ததைச் சொன்னபோது, அவர் பல்லைக் கடித்தார். “நாம சொன்னா எண்ணெய் என்னா வெலன்னு கேப்பாங்க. அவங்க ஆத்தா சொன்னா தலகாணியே தச்சிடுவாங்க” என்றார்.

அடுத்த முறை அஞ்சலை வந்தபோது, கயிறற்ற சடைகளைப் பிரித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டேன்: அன்று பேசியது அவரா, அவளா? அவர் பாதி உறக்கத்தில் இருந்தார். கண்ணைத் திறக்கவில்லை. “யாரு சொன்னா என்னா டீச்சர்? எட கொறஞ்சிதா இல்லியா?” என்றார்.

கையோடு வந்தது

எடை குறைந்தது உண்மை. நெற்றியோரத்தில் பூனை மயிர்போலப் புதுமுடி துளிர்த்ததும் உண்மை. ஆனால் முதல் சடைக்கு நாங்கள் பிந்திவிட்டோம். திருவிழாவுக்கு முந்தைய நாள் பிற்பகல், நெற்றிக்கு மேலே விரல் வைத்தேன். இழுக்கவில்லை, திருகவில்லை, வைத்தேன். அது என் உள்ளங்கையில் வந்து படுத்துக்கொண்டது. ஒலியே இல்லை. பழுத்த இலைகூட உதிரும்போது சிறிதாய்ச் சத்தமிடும். நான் நிமிர்ந்தபோது, கண்ணாடியில் அஞ்சலை விழித்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

மும்தாஜ் ஓடிவந்தார். கதவைச் சாத்தினார். “அஞ்சலக்கா, ஒண்ணும் பயப்படாதீங்க. பக்கத்துச் சடையோட வச்சித் தெரியாம தச்சிடுறேன். நாளைக்கி யாராலயும் கண்டுபிடிக்க முடியாது” என்று ஊசியில் நூலைக் கோத்தார். அவர் சொன்னது முடியக்கூடிய காரியமே. ஒடிந்த சடையை அப்படி இணைப்பது எங்கள் தொழிலில் உண்டு. தாங்கும் சடைக்கு வலுவிருந்தால் போதும்.

அஞ்சலை அந்தச் சடையை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். உறங்கும் பூனையைத் தடவுவதுபோல் தடவினார். கைக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, வெறுமையான இடத்தை நெடுநேரம் பார்த்தார். அங்கிருந்த துளிரை விரலால் ஒரு முறை நீவினார். வெளியே ஏதோ ஒரு வண்டி நிலையத்துக்குள் வந்து நின்று, மறுபடி கிளம்பிப் போனது. பிறகு சொன்னார்: “ஊசிய எடுத்து வையிங்க பாய்வூட்டம்மா. ஒட்ட வச்சித் தூக்குனா, எப்ப வுழுமோன்னு தெனம் பயந்துக்கினே கெடக்கணும். இத மடியிலயே கட்டி எடுத்துக்கினு போறேன்.”

தீச்சட்டி

மறுநாள் நானும் திவ்யாவும் கூட்டத்தில் நின்றோம். அஞ்சலை சடைகளை முடியாமல் முதுகில் விரித்துவிட்டிருந்தார். எங்கள் சொற்படி அவை நன்கு உலர்ந்து இலேசாக அசைந்தன. நெற்றிக்கு மேலே இருந்த இடைவெளி எல்லார் கண்ணிலும் பட்டது. மஞ்சள் தடவிய தட்டில் உதிர்ந்த சடையை வைத்து ஏந்திவந்து, சூலத்தின் அடியில் வைத்தார். கிசுகிசுப்பு வெயிலில் எறும்பு ஊர்வதுபோல் பரவியது. சட்டியை எடுத்துத் தர வேண்டிய பூசாரி, தராமல் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தின் முன்வரிசையில் கோதண்டம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் ‘தாயே’ என்று சொல்லவில்லை. யாரும் ‘ஏ அஞ்சல’ என்றும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவர் தனியே நின்றார்.

பூசாரி தருவாரா என்று அவர் காத்திருக்கவில்லை. குனிந்தார், வேப்பிலையை விரித்து, இரு கைகளாலும் சட்டியை எடுத்தார், நடந்தார். அருள் வந்ததா வரவில்லையா என்று நான் அறியேன். தோள் குலுங்கவில்லை, குரல் மாறவில்லை. களிமண் பலகையைத் தலைக்குமேல் தூக்கிச் சூளைக்குக் கொண்டுபோகும் பெண்ணின் அளவான நடைதான் அது. புகை அவரைச் சுற்றிச் சென்றது. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. எனக்கு முன்னே நின்ற ஒருத்தி, வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டுப் பக்கத்துப் பெண்ணிடம், “சடை கொறஞ்சிது சரிடி. நடை கொறயிலியே” என்றாள்.

வெறும் அஞ்சலை

திருவிழா முடிந்த மறுவாரம் அவர் வந்தார். வேரில் வலி இல்லை, இரவில் அரிப்பில்லை என்றார். கழுவினோம், பிழிந்தோம், விசிறிக்கு எதிரே பரப்பினோம். வெள்ளிக்கிழமை குறி கேட்கக் கூட்டம் வந்ததா என்று மும்தாஜ் விசாரித்தார். பாதிக் கூட்டம் வந்ததாம். மீதிப் பாதி சூலத்தோடு பேசிவிட்டுப் போய்விட்டதாம். அதைச் சொல்லி அவரே சிரித்தார். வீட்டில் எப்படி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை. துணியை மடித்துக்கொண்டே, “கோதண்டம் நலமா?” என்று மட்டும் கேட்டேன்.

அஞ்சலை கண்களை மூடிக்கொண்டார். விசிறிக் காற்றில் அந்தச் சிறு துளிர் மட்டும் நிமிர்ந்து நின்று ஆடியது. உறக்கத்துக்குள் இறங்குகிறவரின் நிதானத்தோடு அவர் சொன்னார்: “மறுநா காலையிலயே ‘ஏ அஞ்சல, சோத்தப் போடு’ன்னு கூப்ட்டுப் பாத்தாரு டீச்சர். ‘ஆத்தா மலையேறுனா ஏறட்டும், நான் எறங்க மாட்டேன், சட்டியில இருக்குது, போட்டுத் துன்னு’ன்னேன். போட்டுத் துன்னாரு, உப்பு கொறயுதுன்னுகூடச் சொல்லல.”

வேரில் முடி வளர மாதங்கள் ஆகின்றன, முடிக்கு உரியவரோ சில வேளை ஒரே வாரத்தில் வளர்ந்துவிடுகிறார். அந்த வேலைக்கு என்ன கட்டணம் எழுதுவதென்று தெரியாமல் எங்கள் பலகையில் ‘சடை பேணுதல்’ என்ற புது வரிக்கு எதிரே வெறுமையாகவே விட்டிருக்கிறோம்.